சர்க்கரைக் கதவும் ஒரு உபவாச நாளும்

உருவமே தெரியாத ஒன்றுக்காக அழுதிருக்கிறீர்களா? நான் அழுதேன். போன வருஷம் ஆனி மாதம் பெங்களூரில் பஸ் ஏறி என் ஊரான சுரண்டைக்கு வந்தபோது, இனிமேல் அங்கே நான் படித்த ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பப் போவதில்லை என்றுதான் நினைத்திருந்தேன். ராத்திரி சரியாகத் தூங்கி எத்தனையோ நாளாகியிருந்தது. சிரிக்காதீர்கள், என்னை அந்த நிலைக்குக் கொண்டுவந்தது கண்ணுக்கே தெரியாத ஒரு புரதம்.

கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். பாக்டீரியாவுக்கும் பசிக்கும். சர்க்கரையை உள்ளே கொண்டுபோக அதன் மேலுறையில் ஒரு புரதம் இருக்கிறது. கதவு மாதிரிதான். முதலில் வெளிப்பக்கம் திறக்கும். சர்க்கரை வந்து உட்கார்ந்ததும் வெளிப்பக்கத்தை மூடிக்கொண்டு உள்பக்கம் திறக்கும். அந்தக் கதவின் வடிவத்தைக் கண்டுபிடிப்பதுதான் என் முனைவர் பட்ட வேலை. வடிவம் தெரிந்துவிட்டால், நோய் தரும் கிருமியின் சாப்பாட்டு வாசலை அடைக்க என்றாவது ஒரு மருந்து செய்யலாம்.

ஆனால் அந்தப் புரதம் ஒரு நிமிஷம் சும்மா இருக்காது. அதை உறைய வைத்து, எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆயிரக்கணக்கான படங்கள் எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்ப்போம். ஒவ்வொரு படத்திலும் அது ஒவ்வொரு மாதிரி நின்றால் கடைசியில் கிடைப்பது வெறும் மூட்டம்தான். அதற்கு ஒரு வழி உண்டு. கிருமியைப் பிடிக்க நம் உடம்பு ஆன்டிபாடி உண்டாக்குகிறதல்லவா, அதில் பிடிக்கிற நுனியை மட்டும் துண்டாக எடுத்துப் புரதத்தோடு சேர்ப்பார்கள். அருவியில் தள்ளாடுகிறவரை இன்னொருவர் தோளைப் பிடித்து நிறுத்துவது போல, அந்தத் துண்டு புரதத்தை ஒரே நிலையில் பிடித்து நிறுத்தும்.

எங்களுக்காக வெளிநாட்டு ஆய்வுக்கூடம் ஒன்று அந்தத் துண்டுகளைச் செய்து அனுப்பியிருந்தது. என் கையில் மட்டும் அவை பிடிக்கவே இல்லை. மாற்றி மாற்றிச் செய்து பார்த்தேன். கடைசியில் ஒரே ஒரு குப்பிதான் மிச்சம். அனுப்பியவர்களிடமும் வேறு இல்லை. என் பேராசிரியர் கோபப்படக்கூட இல்லை. இந்தக் குப்பியும் தீர்ந்தால் இந்த வேலையை மூடிவிடுவோம், வேறு தலைப்பு எடுத்துக்கொள் என்று சாந்தமாகச் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இத்தனை வருஷம் நான் வேறு எதையும் நினைத்ததில்லை.

ஜெபிக்கவும் வெட்கமாக இருந்தது. புற்றுநோய்க்கும் பிள்ளை வரத்துக்கும் கண்ணீர் விடுகிற சபையில், ஒரு புரதம் அசையாமல் நிற்க வேண்டும் என்று எப்படிக் கேட்பது?

என்னைப் பார்த்ததும் அம்மாவுக்கு விளங்கிவிட்டது. "ஏட்டி கிருபா, என்னட்டி இப்படி எலும்பும் தோலுமா வந்து நிக்கே? வெள்ளிக்கிழமை குத்தாலத்துல பொம்பளையளுக்கு உபவாச ஜெபம் இருக்கு. நீயும் வா" என்றாள். நான் தலையாட்டினேன். மறுக்கக்கூடத் தெம்பு இல்லை.

வெள்ளிக்கிழமை சபைப் பெண்களோடு வேனில் போனோம். தென்காசி தாண்டியதும் சாரல் பிடித்துக்கொண்டது. மலையே இல்லை, மேகம்தான் இருந்தது. வேன் கண்ணாடியில் எல்லாம் கரைந்து ஓடியது. தலையில் எண்ணெய் வழிய அருவிக்கு நடக்கிறவர்கள் மூட்டத்துக்குள் போய்க் காணாமல் போனார்கள். நான் தூங்குகிறேனா விழித்திருக்கிறேனா என்றே தெரியவில்லை.

அம்மா பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தாள். "குளுக்கோஸ் தண்ணி. ஒரு வாய் குடிச்சிக்கோ. வெறும் வயிறா இருந்தா மயங்கி விழுந்துருவே."

முன் சீட்டில் ஐயரம்மா இருந்தார். எங்கள் குருவானவரின் மனைவியை அப்படித்தான் கூப்பிடுவோம். திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "நல்லா இருக்கே! உபவாசத்துக்கு வாரியளா, குளுக்கோஸ் குடிக்க வாரியளா? ஒரு நேரம் காலியாத்தான் இருங்களேன்."

"பிள்ளை தாங்க மாட்டா ஐயரம்மா" என்றாள் அம்மா.

"அதெல்லாம் தாங்குவா. நாம விட்டாத்தானே தெரியும்."

வேனே சிரித்தது. நானும் ரொம்ப நாளைக்கு அப்புறம் சிரித்தேன். பாட்டிலை வாங்கவில்லை.

ஜெபவீடு அருவிக்குப் பக்கத்தில்தான். பாட்டு நிற்கும்போதெல்லாம் தண்ணீர்ச் சத்தம் உள்ளே வந்துவிடும். மத்தியானம் ஆக ஆக பசி போய் உடம்பு லேசாகிவிட்டது. பாயில் முழங்கால் போட்டுக் கண்ணை மூடினேன். முதல்முறையாக வெட்கத்தை விட்டுக் கேட்டேன். ஆண்டவரே, உமக்கு இது சின்னது. எனக்கு இதுதான் எல்லாம். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

அதற்குமேல் வார்த்தை வரவில்லை. சும்மா இருந்தேன். மூடிய கண்ணுக்குள்ளும் சாரல் பெய்தது. அந்தச் சாரலுக்குள் என் புரதம் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் திறந்தது, மூடியது, அந்தப் பக்கம் திறந்தது. அதன் வாய் ஒருபோதும் காலியாக இல்லை. அதில் எப்போதும் சர்க்கரை இருந்தது. போட்டது நான்தான்.

உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. எந்தக் கரைசலைத் தயாரித்தாலும் ஒரு பங்கு குளுக்கோஸ் சேர்த்துவிடுவோம். இல்லாவிட்டால் புரதம் திரிந்து போகும் என்று எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் சொல்லிவைத்தது. தாய் பிள்ளைக்கு ஊட்டுகிற மாதிரி ஊட்டிக்கொண்டே இருந்தோம். சர்க்கரை உட்கார்ந்தால் கதவு மறுபக்கம் திரும்பிவிடுமே, அந்தத் துண்டு பிடிக்க வேண்டிய இடம் மறைந்துவிடுமே என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

அன்று சாயங்காலமே வெளிநாட்டுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். நீங்கள் இந்தத் துண்டுகளைத் தேர்ந்தெடுத்தபோது சர்க்கரை சேர்த்திருந்தீர்களா? பதில் வந்தது: அதைச் செய்த மாணவர் வேலையை விட்டுப் போய்விட்டார், எங்களுக்குத் தெரியவில்லை. அவ்வளவுதான். சர்க்கரையை எடுத்தால் புரதம் திரியலாம், கடைசிக் குப்பியும் வீணாகலாம். எடுக்காவிட்டால் எப்படியும் தோல்வி. அம்மாவிடம் சொன்னேன். அவளுக்குப் புரதம் தெரியாது, என் முகம் தெரியும். "உனக்கு உள்ள சமாதானம் இருக்காட்டி?" என்று கேட்டாள். இருந்தது. "அப்பம் கெளம்பு" என்றாள்.

பெங்களூரில் பேராசிரியரிடம் சொன்னதும், உன் கடைசி வாய்ப்பு, உன் இஷ்டம் என்றார். புரதத்தைத் திரும்பத் திரும்பக் கழுவி, சர்க்கரையை முழுக்க எடுத்தேன். அது திரியவில்லை, தெளிவாகவே இருந்தது. குப்பியிலிருந்த துண்டைச் சேர்த்து, நுண்துளை மணிகள் நிரப்பிய ஒரு நீண்ட கண்ணாடிக் குழாய் வழியாக மெல்ல இறக்கினேன். சிறியவை அந்தத் துளைகளுக்குள் புகுந்து தாமதமாகும், பெரியவை நேராக வந்துவிடும். இரண்டும் ஒட்டியிருந்தால் பெரியதாகி முன்னாலேயே வெளிவரும். இல்லையென்றால் எப்போதும் வருகிற இடத்தில்தான் வரும். திரையில் கோடு எழும்பத் தொடங்கியது. முன்னாலேயே எழும்பியது.

நான் ஸ்டூலில் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதேன். பக்கத்து மேஜைப் பெண் ஓடிவந்து, என்ன ஆச்சு, எல்லாம் கொட்டிவிட்டதா என்று கேட்டாள்.

பிறகு நுண்ணோக்கியில் படங்கள் எடுத்தோம். கணினி ஒவ்வொன்றாக அடுக்க அடுக்க மூட்டம் விலகியது. முதலில் அந்தத் துண்டு தெரிந்தது, பிடித்த பிடியோடு. அப்புறம் என் கதவு. வெளிப்பக்கம் திறந்து, நடுவில் காலியாக, அசையாமல் நின்றது. பேராசிரியர் என் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். வேறு தலைப்பைப் பற்றி அதன்பின் யாரும் பேசவில்லை.

இப்போது என் ஜெபம் மாறிவிட்டது. முன்பெல்லாம் வாய் ஓயாமல் கேட்பேன், அவர் பேச இடமே இருக்காது. இப்போது கொஞ்ச நேரமாவது ஒன்றும் கேட்காமல் உட்காருகிறேன். சின்ன விஷயம் என்று எதையும் அவரிடம் மறைப்பதும் இல்லை.

இதை வாசிக்கிற உங்களுக்கும் ஒரு காரியம் மூட்டமாகவே இருக்கலாம். பிள்ளையின் எதிர்காலமோ, பேச்சு நின்றுபோன உறவோ, வெளியே சொல்லக் கூச்சமான ஒன்றோ. தெரியவில்லை என்பதால் அது இல்லை என்று விட்டுவிடாதீர்கள். என் புரதம் அத்தனை வருஷமும் அங்கேதான் இருந்தது. உங்கள் காரியமும் இருக்கிறது. அதைப் பிடித்து நிறுத்துகிறவரும் இருக்கிறார். கேளுங்கள்.