பால்கோவாக் கடையில் ஓர் ஆணழகன்

இனிப்புக் கடையில் நிற்பவனுக்கு ஒரே மாதத்தில் இனிப்பு திகட்டிவிடும் என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள்; பத்து வருடமாக நிற்கிற நான் சொல்கிறேன், திகட்டாது. ஸ்ரீவில்லிபுத்தூரில் கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு பால்கோவாக் கடையில் எடை போட்டுக் கட்டிக்கொடுப்பது என் வேலை. குடியிருப்பது ராஜபாளையத்தில். விடிந்ததும் அங்கே ஜிம், பிறகு பஸ், பிறகு பொழுது சாயும்வரை தராசு. இப்படி ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கையில், முப்பத்தைந்தாவது வயதில், எனக்கு ஆணழகன் போட்டியில் மேடை ஏறும் ஆசை வந்தது. மாவட்ட அளவில் நடப்பது. முதல் தடவை கலந்துகொள்கிறவர்களுக்குத் தனிப் பிரிவு உண்டு.

எட்டு மாதம் சோறு இல்லை, சர்க்கரை இல்லை, எண்ணெய் இல்லை. உப்பில்லாமல் அவித்த கோழியையும் வெள்ளரிக்காயையும் டப்பாவில் அடைத்துக்கொண்டு வேலைக்குப் போகும் அன்பர்களுக்கு நான் மேலே எதுவும் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் கொஞ்சம் இரக்கப்பட்டுப் படியுங்கள். ஒன்றை மட்டும் முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். அந்த எட்டு மாதமும் எனக்குப் பசி இருந்தது உண்மை. அதைவிடப் பொறாமை அதிகமாக இருந்தது.

ருசி பார்க்காத கடைக்காரன்

எங்கள் வியாபாரத்தில் ஒரு வித்தை உண்டு. "இன்னைக்குப் போட்டதா?" என்று ஆள் சந்தேகமாகக் கேட்டால், பதில் சொல்லக் கூடாது. ஒரு கிள்ளு எடுத்து நம் வாயில் போட்டு, கண்ணை லேசாக மூடித் திறக்க வேண்டும். கால் கிலோ கேட்க வந்தவர் அரைக் கிலோ வாங்கிக்கொண்டு போவார். பத்து வருடம் இதை நான் மனதார, வயிறாரச் செய்து வந்தேன்.

டயட் ஆரம்பித்த முதல் வாரம் மதுரைப் பக்கமிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். "நல்லா இருக்குமா?" என்று அந்த அம்மா கேட்டார். கை தானாகத் தட்டுக்குப் போய்விட்டது. பிடித்து நிறுத்திக்கொண்டேன். "நான் சாப்பிடுறதில்லீங்க, நீங்க சாப்பிட்டுப் பாருங்க" என்றேன். அவ்வளவுதான், அந்த அம்மா ஓரடி பின்னால் போனார். செத்த நேரத்தில் இரண்டு பேரும் எதிர்க்கடை வாசலில் நின்று ஆளுக்கொரு பொட்டலம் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வாயசைவதைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. எங்கள் கடைப் படியை விட்டு இறங்கும்போது அந்த அம்மா புருஷனிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "வாங்க போவோம். விக்கிறவரே திங்க மாட்டேங்குறாரு, இதுல என்னத்தக் கலந்திருக்காகளோ."

உடம்பும் உழைப்பும்

எங்கள் ஜிம் ராஜபாளையத்தில் ஓர் உரக்கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. நடத்துபவரை எல்லோரும் மாஸ்டர் என்போம். நான் சேர்ந்து மூன்று மாதம் கழித்து சிக்கந்தர் வந்தான். இருபத்தைந்து வயது இருக்கும். ஹார்டுவேர் கடையில் வேலை. நாள் முழுக்கக் கம்பியும் சிமெண்ட் மூட்டையும் தூக்குகிறவன். முதல் நாள் பரோட்டாவைச் சால்னாவில் ஊறப்போட்டு அடித்துவிட்டு, மறுநாள் வந்து சட்டையைக் கழற்றுவான். சிக்ஸ் பேக் என்கிறார்களே, வயிற்றில் அந்த ஆறு கட்டையும் தள்ளி நின்றே எண்ணலாம். நான் வெள்ளரிக்காய் தின்றுவிட்டு வந்து கழற்றினால், என் வயிறு அந்த வெள்ளரிக்காயைக் கண்டதாகவே காட்டிக்கொள்ளாது.

மாஸ்டர் அவனையும் போட்டிக்குப் பெயர் கொடுக்கச் சொன்னார். இருவருக்கும் ஒரே உயரம், ஒரே பிரிவு. அன்றிலிருந்து நான் போட்டியில் ஜெயிக்க வேண்டும் என்று நினைப்பதை விட்டுவிட்டு, சிக்கந்தரை ஜெயிக்க வேண்டும் என்று நினைக்க ஆரம்பித்தேன். ஜிம்முக்குப் புதிதாக யாராவது சேர வந்தால் மாஸ்டர் எங்கள் இருவரையும் கண்ணாடி முன்னால் நிறுத்துவார். முதலில் அவன் முதுகில் தட்டுவார், பிறகு என் தோளில் பாசமாகக் கை வைப்பார். ஒவ்வொரு தடவையும் அதே வசனம்தான்: "இந்தா, இவன் ஒடம்பப் பாருங்க. இந்தா, இவரு உழைப்பப் பாருங்க."

மஞ்சள் கருவின் கதி

ஒரு நாளைக்குப் பன்னிரண்டு முட்டை. வெள்ளைக் கரு எனக்கு, மஞ்சள் கருவில் இரண்டு எங்கள் மகளுக்கு. மிச்சத்தை என் மனைவி மாரீஸ்வரி, எங்களுக்கு வீடு வாடகைக்கு விட்டவரின் நாய்க்கு வைத்துவிடுவாள். அது அசல் ராஜபாளையம் நாய். வெள்ளை நிறம், இறங்கிய நெஞ்சு, ஒரு பிடிக்குள் அடங்கும் இடுப்பு. என் மஞ்சள் கருவைத் தின்று இரண்டே மாதத்தில் அதன் தொடையில் சதை பிரிந்து கோடு விழுந்துவிட்டது. நான் எந்தக் கோட்டுக்காகத் தவம் கிடந்தேனோ அதே கோடு.

ஒரு நாள் காலையில் பல் விளக்கிக்கொண்டே அதையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். மனிதனைப் பார்த்துப் பொறாமைப்பட்டால் நாலு பேரிடம் சொல்லி ஆறலாம். நாயைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவன் யாரிடம் போய்ச் சொல்வது? வீட்டுக்காரர் செய்தித்தாளை மடித்துவிட்டு என்னையும் நாயையும் மாறி மாறிப் பார்த்தார். என் மனது அவருக்கு எப்படித் தெரிந்ததோ. "அது கண்ணாடி பாக்குறதில்ல தம்பி, அதான் ஏறுது" என்றார்.

ஆறு மாத ரகசியம்

கடையில் பெட்டி மடிக்கும் பாண்டியம்மா அக்காவுக்கும் எனக்கும் நடுவில் மூன்றடி தூரம்கூட இல்லை. என் கன்னம் ஒட்டியதையும் இடுப்பு வேட்டி நழுவியதையும் தினமும் பார்த்தவர். ஒருநாளும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதை மரியாதை என்று நினைத்திருந்தேன்.

ஒரு நாள் சிக்கந்தர் தன் தங்கச்சி நிச்சயதார்த்தத்துக்கு இனிப்பு சொல்ல எங்கள் கடைக்கு வந்தான். அரைக்கை சட்டைதான் போட்டிருந்தான். அவன் போனதும் அக்கா மடித்த பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "யாருப்பா அந்தத் தம்பி? சிலையாட்டம் இருக்கு. போட்டி கீட்டிக்குப் போவுதா?" என்றார். நானும்தான் போகிறேன், ஆறு மாதமாகத் தயாராகிறேன் என்று கொஞ்சம் சூடாகவே சொன்னேன். அக்கா வாயில் கையை வைத்துக்கொண்டார்: "அய்யய்யோ, நீயுமா? நான் ஒனக்கு முத்துன சுகருன்னுல்லய்யா நெனச்சேன். கேட்டா மனசு கஷ்டப்படுவியேன்னு கேக்காம இருந்தேன்."

கண்ணாடி

போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது மாஸ்டர் எங்களை உட்காரவைத்து, கடைசி நாட்களில் என்ன செய்ய வேண்டும் என்று அரை மணி நேரம் பேசினார். சிக்கந்தர் சம்மணம் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். நான் அவன் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போன வாரத்தைவிட ஒரு விரல் அகலம் கூடியிருந்தது. எப்படிக் கூடியது என்ற யோசனையிலேயே அந்த அரை மணி நேரம் போய்விட்டது. மாஸ்டர் "புரிஞ்சதா?" என்றார். நானும் தலையாட்டினேன்.

அதற்குப் பிறகு போஸ் பழகினோம். எனக்கு இடுப்பைத் திருப்பி நிற்பது கடைசிவரை வரவில்லை. சிக்கந்தர் தன் பயிற்சியை நிறுத்திவிட்டு வந்து என் முழங்கையைப் பிடித்து, காலை நகர்த்தி, பொறுமையாகச் சரிசெய்தான். அவன் ஒரு திமிர் பிடித்தவனாக இருந்திருந்தால் என் பாடு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். அவன் நல்லவனாக இருந்தது எனக்குப் பெரிய இம்சை. மூன்று தடவை சரிசெய்தும் நான் கோணலாகவே நின்றேன். அவன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "அண்ணே, கண்ணாடியில நீங்க என்னையவே பாக்குறீங்க. ஒங்களப் பாருங்கண்ணே."

அரைக் கிலோ

இந்தத் துணுக்கை எழுதாமல் விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதிவிடுகிறேன். சிக்கந்தருக்கு ஒரே ஒரு பலவீனம் இருந்தது, அது எங்கள் கடைப் பால்கோவா. இரண்டு மாதமாக வாயில் வைக்கவில்லை என்று ஏக்கத்தோடு சொல்வான். போட்டிக்கு முந்தின நாள் மத்தியானம், சட்டியிலிருந்து இறக்கிய சூட்டோடு அரைக் கிலோ எடுத்துக் கட்டினேன். முதலாளியிடம் அரை நாள் லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். மடியில் பொட்டலம் சுட்டது. ஒருவாய் வைத்தால் அவனால் நிறுத்த முடியாது, இத்தனை சர்க்கரையும் கொழுப்பும் இறங்கினால் நாளைக்கு அந்த வயிறு உப்பி ஒரு கட்டைகூடத் தெரியாது, இதுதான் என் கணக்கு. வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டில் சந்தோஷம்தான் கூடுதல்.

ஹார்டுவேர் கடை வாசலில் வைத்துக் கொடுத்தேன். "வீட்டுக்குக் கொண்டு போ, அம்மாவுக்குக் குடு" என்றேன். அவன் பொட்டலத்தை மோந்து பார்த்தான். அவன் முகம் மலர்ந்ததைப் பார்த்து, பயல் விழுந்துவிட்டான் என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். நானோ அன்று காலையிலிருந்து தண்ணீரைக்கூட நிறுத்திவிட்டேன். யாரும் சொல்லவில்லை, அவனைவிட ஒருபடி மேலே போக வேண்டும் என்று நானே கண்டுபிடித்தது. அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "சரியான நேரத்துக்குக் கொண்டாந்தீங்கண்ணே. எங்கூடப் பொறந்தவனுக்குக்கூட இந்த நெனப்பு வராது."

மேடைக்குப் பின்னால்

போட்டி ராஜபாளையத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மணமகன் அறையில் எங்கள் பிரிவு ஆட்கள் ஏழு பேரில் ஆறு பேர், மேடை வெளிச்சத்தில் சதை எடுத்துக் காட்டுவதற்காக மேலெல்லாம் கருஞ்சாயம் பூசிக்கொண்டு, சுவரில் ஒட்டிவிடாமல் கையை விரித்துக்கொண்டு நின்றோம். கடைசியாக வந்த சிக்கந்தர் எப்போது சட்டையைக் கழற்றுவான் என்று நான் காத்திருந்தேன். கழற்றினான். தோளும் நெஞ்சும் பூரித்து நின்றன. கையில் நரம்பு நரம்பாக ஓடியது. வயிற்றில் ஆறு கட்டையும் உளியால் செதுக்கிய மாதிரி இருந்தது. என்னைக் கண்ணாடியில் பார்த்தேன். காற்றுப் போன டியூப்பைக் கறுப்புச் சாயத்தில் முக்கி எடுத்தது போல் இருந்தேன்.

மாஸ்டருக்கே ஆச்சரியம். "ஏலே, நேத்து என்னலே சாப்பிட்ட?" என்று கேட்டார். "பால்கோவா மாஸ்டர். நீங்க கடைசி நாள் இனிப்பு எடுக்கச் சொன்னீங்கல்ல, நான் வேலையில மறந்தே போனேன். அண்ணந்தான் ஞாபகம் வச்சு, கடையிலருந்து சுடச்சுடக் கொண்டாந்து குடுத்தாரு" என்றான் சிக்கந்தர். எனக்குத் தலை சுற்றியது. தண்ணீர் குடிக்காததால் மட்டும் வந்த சுற்றல் இல்லை. மாஸ்டர் என் பக்கம் திரும்பினார். "வாடிப்போன ஒடம்புக்குக் கடைசி நாள் இனிப்பு போனா சதை பூரிச்சு நிக்கும், தண்ணியும் குடிக்கணும்னு அன்னைக்கு அரை மணி நேரம் தொண்டத்தண்ணி வத்தப் பேசுனேன். அவனுக்கு மட்டும் வாங்கிக் குடுத்திருக்க. நீ எங்கய்யா இருந்த?"

கைதட்டல்

சிக்கந்தருக்கு முதல் பரிசு. ஏழு பேரில் நான் ஆறாவது. ஏழாவது ஆள், பாதி போஸில் கால் பிடித்துக்கொண்டதால் மேடையிலேயே உட்கார்ந்துவிட்டார், இல்லையென்றால் அந்த ஏழாவது இடம் எனக்குத்தான். முன்வரிசையில் மகளோடு உட்கார்ந்திருந்த மாரீஸ்வரி, முடிவு சொன்னதும் எழுந்து நின்று கை தட்டியதை மேடையிலிருந்தே பார்த்தேன். ஆறாவது வந்தாலும் நம் ஆள் நமக்காக எழுந்து நிற்கிறாளே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. இறங்கி வந்து அதை அவளிடமே சொன்னேன். அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "அது அந்தத் தம்பிக்குத் தட்டுனதுங்க. கோவிச்சுக்கிடாதீக, நல்லா நின்னுச்சுல்ல."

தராசுக்கு மேலே

மறுவாரம் சிக்கந்தர் கோப்பையோடு எங்கள் கடைக்கு வந்து, முதலாளியிடம் நடந்ததை எல்லாம் சொன்னான். முதலாளிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இரண்டே நாளில் ஒரு ஃப்ளெக்ஸ் அடித்து வந்து, என் தராசுக்கு நேர் மேலே மாட்டிவிட்டார். சட்டையில்லாத சிக்கந்தர், ஒரு கையில் கோப்பை, மறு கையில் எங்கள் பால்கோவாப் பெட்டி. அதன் கீழேதான் நான் தினமும் பத்து மணி நேரம் நிற்கிறேன். அவனும் வாரம் ஒருதரம் வருகிறான். அரைக் கிலோ வாங்குகிறான். பக்கத்தில் நிற்பவர்களிடம், "இந்த அண்ணன் இல்லேன்னா நான் இல்லைங்க" என்கிறான். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை வாயைத் திறந்தேன். அவன் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன். அடுத்த போட்டிக்கு இரண்டு பேர் பெயரையும் அவனே கொடுத்திருக்கிறானாம்.

முந்தாநாள் கோயிலுக்கு வந்த பெரியவர் ஒருவர் ஃப்ளெக்ஸை அண்ணாந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மறுபடியும் மேலே பார்த்துவிட்டு, கால் கிலோவுக்குக் காசை நீட்டிக்கொண்டே, ரொம்ப அக்கறையாகக் கேட்டார்: "அவரு இதச் சாப்பிட்டுத்தான் அம்புட்டு நல்லாருக்காரு, சரி. நீங்க இங்கேயே நிக்கீக, ஒரு வாயி சாப்பிட்டா என்ன?"

எட்டு மாதம் சோற்றை விட்டேன், சர்க்கரையை விட்டேன், கடைசியில் தண்ணீரையும் விட்டேன். விட்டிருக்க வேண்டிய ஒன்றை மட்டும் மூன்று வேளையும் தவறாமல் தின்றிருக்கிறேன்.