சேஷன் சுரண்டிய பூச்சி

லோதி ரோடு அரசாங்கக் குடியிருப்பில் சேஷனைத் தெரியாதவர் கிடையாது. அதில் அவர் பெருமைப்பட ஒன்றுமில்லை. பெண்டாட்டியை வேகவிட்டு ஒரு தொட்டிச் செடிக்குக் கூலர் போட்ட மனுஷன் என்றுதான் தெரியும்.

இருபத்தாறு வருஷ சர்வீஸ். பிள்ளை குட்டி இல்லை. டைரக்டர் பத்ரா சாஹேப் தும்மினால் இவர் கைக்குட்டையை எடுப்பார். எழுபத்தெட்டாம் வருஷம் மே மாதம் சாஹேப் சிம்லாவுக்குக் கிளம்பியபோது, அவர் மனைவி ஒரு ஃபெர்ன் தொட்டியைச் சேஷன் கையில் கொடுத்தாள். வெயில் படக் கூடாது, மண் காயக் கூடாது, காற்றில் ஈரம் குறையக் கூடாது என்று மூன்று கட்டளை. திரும்பி வந்ததும் சாஹேப் இவருடைய ரகசிய ரிப்போர்ட்டை எழுதுவார். நன்றாக எழுதினால் செக்‌ஷன் ஆபீசர். இல்லையென்றால் இதே நாற்காலியில் ரிடையர்மெண்ட். சேஷன் கண்ணுக்குத் தொட்டியில் ப்ரமோஷன்தான் இலை விட்டிருந்தது.

வீட்டில் இருந்த ஒரே கூலர் ஃபெர்ன் பக்கம் திரும்பியது.

"ஏன்னா, எனக்கும் கொஞ்சம் காத்து வரட்டுமே," என்றாள் ருக்மிணி.

"நீ வாடினா சாஹேப் கேப்பாரா?"

"அப்போ என்னையும் தொட்டியில நட்டுடுங்கோ."

மின்சாரம் போனால் சேஷன் தொட்டியைச் சுற்றி ஈர வேட்டியைக் கட்டி விசிறியால் வீசுவார். "என்னடா கண்ணு, தாகமா?" என்று ஒருநாள் அவர் செடியிடம் கேட்டது ருக்மிணி காதில் விழுந்தது. அவளை அப்படி ஒருநாளும் கேட்டதில்லை.

மூன்றாம் வாரம், இலைகளுக்கு அடியில் பழுப்புப் பொட்டுகள், ஆபீஸ் ஃபைல் மாதிரி வரிசையாக. சேஷன் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு ஓடினார், தேங்காய்க் கடை பாலசுப்ரமணியத்திடம். உரித்த தேங்காயைத் தவிர வேறு தாவரம் பார்த்திராத மேதை.

"பூச்சிதான் சாமி. சுரண்டிப் போடுங்க," என்றார் அவர்.

மூக்குக்கண்ணாடியும் ருக்மிணியின் ஹேர்பின்னுமாக நாலு நாள் சுரண்டினார். கீழே விரித்த பேப்பரில் விழுந்த பொடியை ருக்மிணி கூலருக்குப் பின்னால், தண்ணீர் சொட்டும் செங்கல் மேல் உதறிவிட்டாள்.

சாஹேப் குடும்பம் திரும்பியது. செடி தளதளவென்று இருந்தது. சேஷன் அதை அவர்கள் வீட்டு வாசலில் இறக்கிவைத்து, நெஞ்சை நிமிர்த்தி, "ஒரு பூச்சிகூட விடலை, மேடம்ஜி," என்றார்.

மேடம் இலையைத் திருப்பிப் பார்த்தாள். முகம் மாறியது. ஃபெர்ன் பூக்காது, காய்க்காது. அந்தப் பழுப்புப் பொடிதான் அதற்கு விதை. கன்று எடுக்க இரண்டு வருஷமாகக் காத்திருந்தாளாம். "பேவகூஃப்!" என்று இந்தியில் முட்டாள் பட்டம் கொடுத்துக் கதவைச் சாத்தினாள்.

செப்டம்பரில் ப்ரமோஷன் லிஸ்ட் வந்தது. சேஷன் பெயர் இல்லை. சாஹேப் என்ன எழுதினாரோ, கேட்கிற தைரியம் இவருக்கு ஏது? வீட்டுக்கு வந்து மோர்சாதத்தைத் தின்றுவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

அக்டோபர் கடைசியில், இனிக் குளிர்காலம் என்று கூலரைக் கட்டிவைக்கப் போன ருக்மிணி கத்தினாள்: "ஏன்னா, இங்க வாங்கோ!"

செங்கல் மேல் பச்சைப் பாசி. அதற்குள்ளிருந்து நகத்தளவு இலைகள், நுனி சுருண்டு, பத்துப் பதினைந்து.

"மேடத்துக்கிட்ட கொண்டு குடுங்கோ. குளுந்து போயிடுவா. அடுத்த லிஸ்ட்லயாவது பேர் வரும்."

சேஷன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ஒவ்வொன்றாக விரல் நுனியால் தொட்டு எண்ணினார்.

"பேவகூஃப்னு சொன்ன வீட்டுக்கு இதுகளை அனுப்பச் சொல்றயா? கூலரைக் கட்டாதே. ஓடட்டும்."

நவம்பர் குளிரில் லோதி ரோடு முழுக்க ஓடிய கூலர் அது ஒன்றுதான். ருக்மிணி ஸ்வெட்டரும் மஃப்ளருமாகப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக் குஞ்சம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"என்ன மாமி, இந்தக் குளிர்ல கூலரா? மாமாவுக்குப் புத்தி கித்தி பெசகிடுத்தா?"

"அவருக்கு அது எப்பவோ பெசகிடுத்து," என்றாள் ருக்மிணி. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "மெதுவாப் பேசு, குழந்தைகள் இருக்கு," என்றாள்.