அடுத்த கிழமைக்கு வந்த லீவு

மெல்பேர்ண் பக்கம், டண்டினொங்கில் ஒரு குளிர் களஞ்சியம். மகேந்திரராஜாவுக்கு அங்கே ஒன்பது வருட வேலை. ஓகஸ்டில் வெளியில் பல்லுக் கிட்டும் குளிர். உள்ளே போனால் மைனஸ் இருபது. மனுசனுடைய மூக்கு எந்நேரமும் சிவந்துதான் இருக்கும். மனைவி ராதாவுக்குச் சிட்னியில், மெரிலேண்ட்ஸ் பக்கம், முதியோர் இல்லமொன்றில் நேர்ஸ் வேலை கிடைத்து, எட்டு வயது மகள் யுவனேஸ்வரியோடு அங்கே போய் இரண்டு வருடம். நாற்பத்தெட்டு வயதில் நிரந்தர வேலையை உதறிவிட்டுப் பின்னால் போக இவருக்குத் துணிவு வரவில்லை. மகளுக்கு முன்பல் விழுந்ததையும் முளைத்ததையும் போனில்தான் பார்த்தார். சொன்னால் வெட்கக்கேடு.

இந்தச் செப்டம்பர் வசந்தகாலப் பள்ளி விடுமுறைக்கு மூன்று பேருமாகக் கோல்ட் கோஸ்ட் கடற்கரைக்குப் போவது, ஒரு கிழமை முழுக்க மகளோடு இருப்பது என்று முடிவெடுத்தார். அப்பப்பா, அதற்கு அவர் பட்ட பாடு! ஹோட்டல் விலையைப் பார்த்துத் தலை சுற்றி, கடைசியில் வண்டிவீடுகள் நிற்கும் கரவன் பார்க் ஒன்றில் சமைக்கக் குசினியோடு சின்னக் கேபின் பிடித்தார். இருப்பதிலேயே மலிவான விமான டிக்கெட், மாற்றவும் முடியாது, காசும் திரும்பாது. கைப்பைக்கு ஏழு கிலோதான் என்றதால் ரைஸ் குக்கரைத் தராசில் வைத்து நிறுத்துப் பார்த்தார். பள்ளிக்கூடம் எப்போது பூட்டுகிறது என்று கூட வேலை செய்யும் சவரிமுத்துவைக் கேட்டு, அந்தக் கிழமைக்கே லீவும் எழுதிக் கொடுத்தார். எல்லாம் முடிந்த பிறகுதான் சிட்னிக்குப் போன் எடுத்தார்.

"இருபதாம் திகதி வெளிக்கிடுறம்!" என்றார், வாயெல்லாம் பல்லாக.

அந்தப் பக்கம் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார்கள். யுவனாதான் முதலில் சொன்னாள்: "அப்பா, தட்ஸ் மெல்பேர்ண் ஹொலிடே. எங்களுக்கு நெக்ஸ்ட் வீக்தான்."

சவரிமுத்துவின் பிள்ளைகள் படிப்பது மெல்பேர்ணில் அல்லவா! மாநிலத்துக்கு மாநிலம் விடுமுறை வேறு என்று இந்த மனுசனுக்குத் தோன்றவே இல்லை.

"என்னட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமெல்லோ?" என்றாள் ராதா.

"சர்ப்பிரைஸா இருக்கட்டும் எண்டு நினைச்சனான்."

"நல்ல சர்ப்பிரைஸ். பிள்ளையின்ர பள்ளிக்கூடம் எப்ப பூட்டுது எண்டும் தெரியாத அப்பா."

ராதாவின் லீவும் மகளின் விடுமுறையோடுதான். இவர் மேலாளரிடம் போய்க் கெஞ்சினார். அடுத்த கிழமைக்கு ஏற்கெனவே நாலு பேர் லீவு எடுத்துவிட்டார்களாம். டிக்கெட் காசு போனது போனதுதான். எழுதிக் கொடுத்த லீவுக் கிழமைக்குப் பஸ் ஏறிச் சிட்னிக்குப் போனார்.

ராதா விடியவே வேலைக்குப் போய்விடுவாள். யுவனாவைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்தால், அந்த ஃபிளாட்டில் இவரும் ஃபிரிட்ஜின் சத்தமும்தான். துடைத்த குசினியையே திரும்பவும் துடைத்தார். பின்னேரம் மகளுக்கு நீச்சல், டியூஷன், ஹோம்வேர்க். எட்டு மணிக்கு நித்திரை. டண்டினொங் அறையில் தனியாக இருந்தபோது கூட இவ்வளவு தனிமை தெரிந்ததில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம், மணியடிக்க முதல், கொஞ்சம் வெள்ளனப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்காவது போகலாம் என்று பள்ளிக்கூட அலுவலகத்துக்குப் போனார். அங்கிருந்த பெண் பட்டியலைப் பார்த்தாள். பிள்ளையைக் கூட்டிப்போக அனுமதி உள்ளவர்களில் ராதாவின் பெயர் இருந்தது, கீழ்வீட்டு அன்ரியின் பெயரும் இருந்தது. இவர் பெயர் இல்லை. அந்தப் பெண் ராதாவுக்குப் போன் பண்ணிக் கேட்கும்வரை, இவர் களவெடுக்க வந்தவர்போலக் கதிரை நுனியில் குந்தியிருந்தார்.

யுவனா பையோடு துள்ளிக்கொண்டு வந்தாள். வாசல் தாண்டியதும் அவருடைய கையை இறுக்கிப் பிடித்தாள்.

"அப்பா, இண்டைக்கு ஸ்கூல் லாஸ்ட் டே! நாளைக்கு என்ன செய்வம்?"

"நாளைக்கு அப்பா போகவேணும் அம்மா. ஞாயிறு வேலை."

அவள் நின்றுவிட்டாள்.

"நாளைக்குத்தானே எனக்கு லீவு தொடங்குது?"

"ஓம் அம்மா," என்றார் மகேந்திரராஜா.