அரக்கு வைத்த பெட்டி

வெளி ஹார்ட் டிஸ்க் பழுதுபார்க்கும் தொழிலில், கெட்டுப்போன பெட்டியைவிட இன்னும் கெடாத பெட்டிக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். நம்மைப் போல் இதில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

காப்பி

ஆம்பூரில் ஒரு ஷூ ஃபேக்டரி. பேட்டர்ன் செக்‌ஷனில் ஸ்டெல்லா வரைந்த டிசைன்கள் எல்லாம் ஒரு வெளி டிஸ்கில் இருந்தன. கம்ப்யூட்டரில் எதையும் வைக்கக்கூடாது என்பது அங்கே சட்டம். டிஸ்கைச் சுற்றியிருக்கும் பெட்டி, எழுதுவதையெல்லாம் தானே ரகசியக் குறியாக்கிப் பூட்டிவைக்கும் வகை. வேலை நடுவே அடிக்கடி தொடர்பு அறுந்துகொண்டிருந்தது. பெட்டியை இயக்கும் ஃபர்ம்வேரைப் புதுப்பித்தால் சரியாகும். திங்கட்கிழமை ஷூ வாங்கும் பையர் வருகிறார். டிசைன்கள் பாஸானால் ஸ்டெல்லாவுக்கு வேலை நிரந்தரம்.

முதலில் ஒரு காப்பி எடுத்துக்கொள்வோம் என்றேன். மேனேஜர் என்னைத் திருடனைப் போலப் பார்த்தார்.

"காப்பி எடுத்தா நம்ம டிசைன் நாளைக்கே வாணியம்பாடியில வேற கம்பெனி ஷூவா நிக்கும் சார்."

அரக்கு

சரி, டிஸ்கைக் கழற்றி வைத்துவிட்டு, காலி டிஸ்க் ஒன்றை மாட்டிப் பெட்டியை மட்டும் புதுப்பிக்கலாம். திருப்பிப் பார்த்தால் ஸ்க்ரூக்களின் மேல் அரக்கு. யாரும் டிஸ்கை உருவிவிடாமல் இருக்க முதலாளியே வைத்த சீல். அவர் வெளிநாட்டில், ஃபோனிலும் கிடைக்கவில்லை. அவரைக் கேட்காமல் உடைக்க மேனேஜருக்குத் தைரியமில்லை. அவர் வரட்டும் என்று நான் பையை மூடினேன். அன்று காலையில் மட்டும் பெட்டி பலமுறை அறுந்திருந்தது. ஸ்டெல்லா என் பக்கம் குனிந்து சொன்னார்:

"உட்டாலும் போய்டும், செஞ்சாலும் போலாம். செஞ்சுடுங்க சார்."

மெயின்

ஒப்புக்கொண்டேன். புதுப்பிக்கும்போது பாதியில் கரண்ட் போனால் பெட்டியே செத்துவிடும். ஆனால் பேட்டரிக்கு கேட் பாஸ் வேண்டும் என்று என் யுபிஎஸ்ஸை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். கரண்டை யாரும் தொடக்கூடாது என்று மேனேஜர் எலக்ட்ரீஷியனிடம் சொல்லிவைத்தார். திரையில் கோடு பாதியைத் தாண்டியிருக்கும், ஃபேன் நின்றது. வெள்ளிக்கிழமை. ஜும்மா தொழுகைக்கு ஆட்கள் வெளியேறியதும் மெயினை அணைக்கிறவர் எலக்ட்ரீஷியன் இல்லை, வாட்ச்மேன். மறுபடி போட்டபோது பெட்டியில் விளக்கு எரியவில்லை. வாட்ச்மேன் கதவருகே வந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

திங்கட்கிழமை

அரக்கை உடைக்க வெள்ளிக்கிழமை இரவே முதலாளியிடமிருந்து ஃபோனில் அனுமதி வந்தது. டிஸ்க் நன்றாகவே இருந்தது. பூட்டிய பெட்டி செத்துப்போனதால், வேறு பெட்டியில் மாட்டினால் வெறும் இடம் என்று காட்டியது. அதே மாடல் தேடிச் சென்னை வரை போனேன். கிடைத்த ஒன்றும் அதைத் திறக்கவில்லை; பூட்டின் சாவி செத்த பெட்டிக்குள்ளேயே இருந்தது.

ஸ்டெல்லா அட்டையும் கத்தியுமாக உட்கார்ந்து, நினைவிலிருந்த மட்டும் வெட்டி வைத்தார். பையர் இரண்டை எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். அந்த மாதத்தோடு வேலைக்கு வர வேண்டாம் என்று ஸ்டெல்லாவிடம் சாயங்காலமே சொல்லிவிட்டார்கள். வாசலில் என்னைப் பார்த்ததும் நின்றார். அவரே சொன்னார்:

"நீங்க இன்னா சார் பண்ணுவீங்க. வீட்ல வேலை பர்மனென்ட்னு சொல்லிட்டேன், அதான்."

என் கையில் செத்த டிஸ்குகள் எத்தனையோ. ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்துகொண்டே ஒருத்தியின் வேலையைத் தின்றது இது ஒன்றுதான்.