கிண்ணம் புதைத்தவர் பொத்தான் பொறுக்குகிறார்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில், லண்டனில் மிச்சம் என்கிற பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக் குசினி சிங்கில் ஒரு கோப்பை கழுவவும் இடமிருக்காது. என் கணவர் சூசைநாயகம் அங்கே நின்று, தேய்ந்துபோன பல் தீட்டும் பிரஷ் ஒன்றால் ஒரு பொத்தானைக் கழுவிக்கொண்டிருப்பார். பச்சை பூத்து, காது உடைந்து, இனி எந்தச் சட்டைக்கும் உதவாத பித்தளைப் பொத்தான். அதைக் குசினிக் கடதாசியில் வைத்து, கண்ணாடியைக் கழற்றியும் மாட்டியும் பார்த்துவிட்டு, "இருநூறு வருஷம் இருக்குமாம்" என்பார். "இருநூறு வருஷமா ஒருத்தனும் தேடேல்லைத்தானே, இப்ப உங்களுக்கு என்ன கேடு?" என்று நான் கேட்பேன். அவர் குழாயைத் திறந்துவிடுவார். சேற்றுத் தண்ணீர் சுழன்று இறங்கிப் போகும். அதற்குப் பிறகு சிங்கைத் தேய்ப்பது என் வேலை.

ஊரிலிருந்து இதை வாசிப்பவர்களுக்குக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லவேண்டும். இந்த நாட்டில் மெட்டல் டிடெக்டர் என்பது ஓய்வுபெற்ற ஆண்களின் விளையாட்டுச் சாமான். நீண்ட தடி, அதன் நுனியில் வட்டத் தட்டு, காதில் ஹெட்போன். லண்டனின் தென்கோடியில், ப்ரொம்லிக்கு அங்காலே ஒரு பழைய பண்ணை கிடக்கிறது. ரோமர் காலத்திலிருந்தே உழுத மண் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். அங்கே ஞாயிறு காலையில் பத்துப் பன்னிரண்டு கிழவர்கள் இறங்கி, முற்றம் கூட்டுவதுபோல இடமும் வலமும் வீசிக்கொண்டு நடப்பார்கள். சத்தம் கேட்டால் குந்தித் தோண்டுவார்கள். வருவது பெரும்பாலும் பியர் டின் மூடி, இல்லாவிட்டால் துருப்பிடித்த ஆணி. ஒருவருக்கு உடைந்த பெல்ட் கொழுக்கி அகப்பட்டுவிட்டால், மற்றவர்கள் பிள்ளை பார்க்க வந்தவர்கள் மாதிரிச் சுற்றி நின்று தலையாட்டுவார்கள். கார்ப்பெட்டில் ஒரு பொட்டு மண் விழுந்தால் முகம் சுளிக்கிற சனம், மழைக்குள் முழங்காலில் நின்று மண்ணை முகர்ந்து பார்க்கும். உலகம் முழுவதையும் தோண்டிக் கப்பலில் ஏற்றி வந்து கண்ணாடிப் பெட்டிகளில் அடுக்கி முடித்தாயிற்று. இப்போது முப்பாட்டனின் காற்சட்டையிலிருந்து விழுந்ததைத் தேடுகிறார்கள். இதற்கு ஒரு சங்கமும் இருக்கிறது. அதன் தலைவர் கீத், ஓய்வுபெற்ற குழாய் வேலைக்காரர், நல்ல மனிதர்தான். ஆனால் ஒரு ஈயக் குண்டைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார்.

இந்தக் கூட்டத்தோடுதான் என் மனிதர் இரண்டு குளிர்காலம் அலைந்தார். ஞாயிறு பூசையைச் சனிக்கிழமைப் பின்னேரமே கண்டு முடித்துவிட்டு, விடிய எழும்பி, பாணுக்குள் சம்பலை வைத்துக் கட்டிக்கொண்டு கீத்தின் வான் வண்டியில் ஏறிவிடுவார். ஊரில் இருந்தபோது ஞாயிறு முதல் மணி அடித்ததே அவர்தான். எங்கள் கோயிலின் சங்கிலித்தாம் அவர். கோயிலைத் திறப்பதும், பீடத்தை ஆயத்தம் செய்வதும், பூசைப் பாத்திரங்களைத் துடைத்துப் பூட்டி வைப்பதும் அவர் பொறுப்பு. அந்தக் கையில் இப்போது வெள்ளைக்காரனின் பொத்தான். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சல் வந்தது. எரிச்சல் என்ன, இளக்காரமாகவே இருந்தது.

எங்களுடையது மன்னார்ப் பெருநிலத்தில் ஒரு சின்னக் கத்தோலிக்கப் பங்கு. ஷெல் கிட்ட விழத் தொடங்கிய கிழமை, காய்ச்சலில் கிடந்த பங்குச் சுவாமி இவரைக் கூப்பிட்டுக் கோயிலின் வெள்ளிப் பூசைக் கிண்ணத்தை ஒப்படைத்தார். கடலுக்குப் போன சனம் மூன்று தலைமுறையாகச் சேர்த்த காசில் செய்வித்த கிண்ணம் அது. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. புதைத்த இடம் ஒருவருக்குத்தான் தெரியவேண்டும். இரண்டு பேருக்குத் தெரிந்தால் இரண்டு பேரும் அடி வாங்கவேண்டி வரும். ஆகவே எனக்கும் சொல்லாமல் தனியாகப் போனார். பெரிய பால்மா டின்னில் கிண்ணத்தை வைத்து, மூடியைச் சுற்றி மெழுகு ஊற்றி, கோயிலுக்குப் பின்னால் நின்ற இரட்டைப் பனையிலிருந்து கடல் பக்கமாகப் பதினெட்டுக் காலடி அளந்து தாட்டுவிட்டு வந்தார். மறுநாள் ஊரே வெளிக்கிட்டது. சுவாமி போன இடத்தில் இறந்துபோனார்.

வருஷங்கள் கழித்துத் திரும்பியபோது கோயிலின் பாதிச் சுவர் நின்றது. பனை ஒன்றுகூட இல்லை. பங்கருக்கு அடுக்கவென்று தோப்பையே அடியோடு தறித்துக்கொண்டு போயிருந்தார்கள். எங்கள் சனம் விட்ட பிழை அதுதான். மனிசர் சாகலாம், வீடு இடியலாம், பனை நிற்கும் என்று நம்பினோம். இவர் மண்வெட்டியோடு இரண்டு நாள் கிண்டினார். மூன்றாம் நாள் கண்ணிவெடி அகற்றுகிறவர்கள் வந்து சிவப்புப் பலகை நட்டு எங்களைத் துரத்தினார்கள். அந்த மெசினை நான் முதன்முதலில் கண்டது அவர்களின் கையில்தான். அவர்கள் கோயில் வளவைச் சோதித்து முடிக்கும்வரை நாங்கள் காத்திருக்கவில்லை. லண்டனுக்கு வந்துவிட்டோம். பிறகு ஊரிலிருந்து செய்தி வந்தது: வளவு முழுக்க மெசின் போயும் கிண்ணம் வரவில்லையாம்.

அதோடு கதை பிறந்தது. லண்டனில் ஒரு மண்டபம் எடுத்து எங்கள் ஊர்ச் சனம் கொண்டாடிய பெருநாளில், சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஒருத்தி திரும்பாமலே சொன்னாள்: "மிச்சத்திலை வீடு வாங்கக் கிண்ணம் உதவிச்சுதாக்கும்." பெற்றோல் ஷெட்டில் ஷிப்ட் ஷிப்டாக நின்று வீங்கிய இவரின் காலையும், முதியோர் இல்லத்தில் மூத்திரத் துணி துவைத்து வெந்த என் கையையும் அவள் கண்டிருக்கவேண்டும். மகன் ஜெர்மனியில் அகதிக் காசு எடுத்ததைச் சொல்ல வெட்கப்படாதவள், எங்கள் வீட்டுச் செங்கல்லை எண்ண வந்துவிட்டாள். இவரும் அதைக் கேட்டார். கையிலிருந்த தட்டை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார். அதற்குப் பிறகு அந்த மண்டபத்துக்கு அவர் போனதில்லை.

அவளைத் திட்டுவது சுகம். ஆனால் நான் செய்ததையும் எழுதத்தான் வேண்டும். அன்று வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போது நான் கேட்டேன்: "இஞ்சேருங்கோ, என்னட்டையாவது உண்மையைச் சொல்லுங்கோ. அந்தக் கிண்ணத்தை என்ன செய்தனீங்கள்?" அவர் சப்பாத்து இரண்டையும் சேர்த்துச் சுவரோரம் வைத்தார். நிமிர்ந்து என்னை ஒருமுறை பார்த்தார். அடுத்த மாதம் அந்த மெசின் வீட்டுக்குள் வந்தது. மனிதருக்கு வயது போய்ப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தேனே ஒழிய, இரண்டையும் நான் முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை.

போன பங்குனியில் அவருக்கு வலது மணிக்கட்டு பிசகிவிட்டது. மெசினைத் தூக்கலாம், தோண்ட ஏலாது. "நீ வாறியே?" என்று கேட்டார். சிரித்துவிட்டு வரலாம் என்றுதான் போனேன். சேற்றில் இரண்டு மணி நேரம் அவருக்குப் பின்னால் நடந்து, நான்கு டின் மூடிகளையும் ஒரு சங்கிலித் துண்டையும் கிண்டி எடுத்தேன். பிறகு ஓரிடத்தில் நின்றவர் தட்டை மெதுவாக முன்னும் பின்னும் ஆட்டி, ஹெட்போனைக் கையால் அழுத்தி, "இது இரும்பில்லை" என்றார். நான் தோண்டினேன். ஒரு சாண் ஆழத்தில், உடைந்த மண்சட்டியின் ஓட்டுத் துண்டுகள் வந்தன. அவற்றுக்குள், நகம் போல மெல்லிய வெள்ளிக் காசுகள் ஏழு.

கீத் வயலின் மறுகோடியில் நின்றார். பக்கத்தில் யாருமில்லை. "ஒண்டைப் பொக்கற்றுக்குள்ளை வையுங்கோ. எங்கடை நாட்டிலை எவ்வளவத்தை வாரினவங்கள், ஒண்டு போனால் குறைஞ்சே போவாங்கள்?" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார். கோபமில்லை. அன்று சப்பாத்தைச் சுவரோரம் வைத்துவிட்டு நிமிர்ந்தபோது பார்த்த அதே பார்வை. பிறகு நல்ல கையை உயர்த்திக் கீத்தைக் கூப்பிட்டார். ஏழு காசையும் என் உள்ளங்கையிலிருந்து எடுத்து அவர் கையில் வைத்தார். எனக்கு அந்தக் குழிக்குள்ளேயே இறங்கிவிடலாம் போலிருந்தது.

கிழவர்கள் ஓடி வந்து குழியைச் சுற்றி நின்றார்கள். ஒருவர் என் முதுகில் தட்டினார். எழுநூறு வருஷத்துக் காசாம். "யாரோ சரியான கவனயீனக்காரன், புதைத்துவிட்டு மறந்து போயிருக்கிறான்!" என்று கீத் சிரித்தார். இவர் தன் ஆங்கிலத்தில், "மறக்கேல்லை. அவர் மரத்திலிருந்து அளந்திருப்பார்" என்றார். கீத் வயலைச் சுற்றிப் பார்த்தார். "எந்த மரம்? இங்கே மரம் இல்லையே." "யெஸ்," என்றார் இவர், "நோ ட்ரீ." கீத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. மனிதர் ஏதோ துப்புக் கொடுக்கிறார் என்று எண்ணி, தூரத்து வேலியில் நின்ற ஓக் மரம்வரை காலடி அளந்து போய், எண்ணிக்கையைக் கொப்பியில் எழுதிக்கொண்டு வந்தார். ஒருவன் புதைத்ததை எடுக்க வராமல் போனதற்கு மறதியைத் தவிர வேறு காரணம் இவர்களுக்குத் தோன்றாது. வீட்டை விட்டு ஓடாத சனம், இவ்வளவுதான் விளங்கும்.

வான் வண்டியின் பின் சீற்றில் இருந்து வரும்போதுதான் சொன்னார். ஊருக்குப் புதிதாக வந்திருக்கிற சுவாமி, எங்கெங்கோ எழுதி, வளவைத் தோண்டிப் பார்க்க அனுமதி எடுத்துவிட்டாராம். ஒரு நாள்தான். மெசினும் ஆளும் அங்கேயே வரும். இவர் இடத்தைக் காட்டவேண்டும்.

"கண்ணிவெடிக்காரர் பாத்தும் வரேல்லையே?"

"அவங்கள் ஒரு சாண்தான் பாத்தவங்கள். நான் முழங்காலளவு தாட்டனான். டின் கறள் பிடிச்சுத் துருவாப் போயிருக்கும். கறள் ஒரு சத்தம், வெள்ளி ஒரு சத்தம். இப்ப எனக்கு வித்தியாசம் தெரியும்."

"இதுக்கே ரெண்டு வருஷம் பொத்தான் பொறுக்கினீங்கள்?"

"ஓம்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் என்று எனக்கே தெரியும். கேட்டிருக்கக் கூடாது.

கீத் அரசுக்கு அறிவித்த அந்தக் காசுகளைப் பற்றிச் சில கிழமைகளில் ஒரு கடிதம் வந்தது. அரச முத்திரையோடு, கனத்த தாளில். கண்டெடுத்தவர்: சூசைநாயகம். பெயரை எழுத்துப் பிசகாமல் அடித்திருந்தார்கள். கண்டதை உடனே அறிவித்த அவருடைய நேர்மைக்கு நன்றியாம். ஊரில் கள்ளன் என்று திரிகிற பெயர், இங்கே முத்திரை குத்தி வந்திருந்தது. இதைச் சட்டம் போட்டு மாட்டவேண்டும், அந்த மண்டபத்துக்குக் கொண்டுபோய் அவளின் சோற்றுத் தட்டில் வைக்கவேண்டும் என்று நான் குதித்தேன். அவர் ஒருமுறை வாசித்துவிட்டு மடித்தார். "இவங்களுக்கு என்னைத் தெரியாது. அதாலை நம்புறாங்கள்" என்றார். முப்பத்தெட்டு வருஷமாக அவரைத் தெரிந்தவள் முன்னால் நின்றுகொண்டிருந்தேன்.

நாளைக்குப் பயணம். கிண்ணம் வருமோ, வெறும் கறள்தான் வருமோ, பனையில்லாத வளவில் அந்தப் பதினெட்டுக் காலடியை எங்கிருந்து தொடங்குவாரோ, எனக்குத் தெரியாது. வராவிட்டால் ஊர் அவரைப் பார்க்கப்போகிற பார்வை மட்டும் தெரியும். இன்று காலை அவருடைய பையைத் திறந்து, சேட்டுகளுக்கு மேலே அந்தக் கடிதத்தை வைத்தேன். பின்னேரம் பார்த்தபோது கடிதம் மேசைக்குத் திரும்பியிருந்தது. அது இருந்த இடத்தில், குசினி சிங்கில் பொத்தான் கழுவிய அந்தத் தேய்ந்த பிரஷ். கிண்ணம் வந்தால் துடைக்கவேண்டுமே. மயிர்களுக்குள் ப்ரொம்லிச் சேறு காய்ந்து கிடந்தது. கழுவி வைக்கலாம் என்று குழாயடிவரை கொண்டுபோனேன். கழுவவில்லை. அப்படியே பைக்குள் திருப்பி வைத்து, பக்கத்தில் என் சேலை இரண்டையும் அடுக்கினேன். எனக்கும் ஒரு டிக்கெட் எடுத்திருக்கிறேன். இன்னும் அவருக்குச் சொல்லவில்லை.