முதலில் வந்த நேரம்

டாக்டர் அன்னாள் ராஜபாளையத்தில் பதினோரு வருஷமாக ஸ்கேன் பார்க்கிறாள். பிள்ளைத்தாய்ச்சிகளுக்குப் பார்க்கும்வரை தங்கமான டாக்டர். ஆம்பளைக்குப் பார்க்க வேண்டுமென்றால் மட்டும் அவள் வெறும் பொம்பளை.

அன்று காலை எட்டு மணிக்கு கருத்தப்பாண்டி தன் மகனைச் சேத்தூரிலிருந்து கூட்டிவந்தார். போலீஸ் தேர்வுக்கு ஓடிப் பழகுகிறவன். விடியற்காலையில் திடீரென்று விதையில் வலி, வீக்கம்.

"விதை முறுக்கியிருந்தா ரத்தம் போகாது. ஆறு மணி நேரத்துக்குள்ள ஆபரேஷன் பண்ணணும். இப்பவே ஸ்கேன் பாத்துருவோம்" என்றாள்.

"பொம்பளைகிட்டயா காட்டுறது? எந்திரிலே!"

ஆம்பளை டாக்டரைத் தேடி ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனார்கள். அங்கே உள்ளவர் அன்று லீவு என்பது மத்தியானம் வரை காத்திருந்த பிறகுதான் தெரிந்தது. மூன்று மணிக்கு அவளிடமே திரும்பி வந்தார்கள்.

திரையில் வலது விதைக்குள் ரத்தம் ஓடுவது சிவப்பும் நீலமுமாகத் தெரிந்தது. இடதில் பொட்டு நிறம்கூட இல்லை.

"உடனே ஆபரேஷனுக்குப் போங்க. இடது பிழைக்கிறது கஷ்டம்."

கருத்தப்பாண்டி குரலைத் தாழ்த்தினார். "ரிப்போர்ட்டுல ஒங்க பேரு இல்லாம தர முடியுமாம்மா? பொம்பளை பாத்தது தெரிஞ்சா அசிங்கம்."

அன்னாள் பேனாவை எடுத்தாள். முதலில் வந்தது காலை எட்டு, ஸ்கேன் எடுத்தது பிற்பகல் மூன்று என்று ரிப்போர்ட்டில் எழுதினாள். அதன் கீழே தன் முழுப் பெயரையும் பெரிசாக எழுதி அவர் கையில் கொடுத்தாள்.