மிஸ்ஸியின் சூலகமும் ஊரார் வாயும்

மிஸ்ஸி என்று ஊர் கூப்பிடும் மருத்துவமாதுகளாய்ப் பிள்ளைப்பேறு பார்த்தவர்களே, உங்களுக்குத் தெரியாததா? ஊர்ப் பெண்களின் வயிற்றையெல்லாம் தொட்டுப் பார்க்க எங்களுக்கு உரிமை உண்டு. எங்கள் வயிற்றைப் பற்றிப் பேச ஊருக்கே உரிமை உண்டு. எண்பதுகளின் நடுவில், நயினாதீவில் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

வராத வருத்தம்

அம்மாவும் அக்காவும் சூலகத்தில் புற்றுநோய் வந்து இறந்தவர்கள். அக்கா போனபோது அவளுக்கு வயது நாற்பத்தாறு. எனக்கு நாற்பத்திரண்டானதும் யாழ்ப்பாணத்தில் ஒரு டொக்டரிடம் போனேன். சோதித்துவிட்டு, இப்போதைக்கு வருத்தம், நோய் ஒன்றும் இல்லை என்றார். ஆனால் குடும்பத்தில் இரண்டு பேருக்கு வந்திருப்பதால், வருவதற்கு முன்பே சூலகம் இரண்டையும் எடுத்துவிடலாம் என்றார். எடுத்தால் வரவே வராது என்று அவரால் சத்தியம் பண்ண முடியாது. வருகிற வழி நன்றாகக் குறையும். அதோடு மாதவிடாய் ஒரேயடியாக நிற்கும், உடம்பு கொதிக்கும், எலும்பு தேயும். எடுப்பதும் விடுவதும் என் விருப்பம்.

நோயில்லாத வயிற்றை எதற்கு வெட்ட வேண்டும் என்று யோசித்துக்கொண்டு கதிரையை விட்டு எழும்பாமல் இருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "நீர் எத்தனை பேரை ஒப்பரேசனுக்குக் கூட்டிக்கொண்டு வந்தனீர்? உமக்கு நான் தைரியம் சொல்ல வேணுமே?"

எறும்பு

திரும்பி வரும்போது வள்ளத்தில் பக்கத்தில் இருந்தவளிடம் மட்டும், ஒருவருக்கும் சொல்லாதே என்று சொல்லிச் சொன்னேன். அடுத்த கிளினிக்கில் கர்ப்பிணிகள் எல்லோரும் என் வயிற்றையே பார்த்தார்கள்.

கடைசிப் பிள்ளைக்கு ஊசி போடப் பூரணமும் வந்திருந்தாள். ஆறு பிள்ளைகளின் தாய். இனிப் பிள்ளை வேண்டாம் என்று அவளே கேட்டு, ஒப்பரேசனுக்கு நாளும் குறித்த பிறகு, வள்ளத்தைக் கண்டதும் வீட்டுக்கு ஓடிப்போய்க் கோழிக்கூட்டுக்குப் பின்னால் ஒளித்திருந்தவள். எறும்பு கடிக்கிற மாதிரித்தான் இருக்கும் என்று ஆயிரம் தரம் சொல்லித்தான் கூட்டிப்போனேன். இப்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "பயப்பிடாதேங்கோ மிஸ்ஸி. எனக்குக் கடிச்ச அதே எறும்புதான் உங்களுக்கும் கடிக்கும்."

மீசை

சூலகத்தை எடுத்தால் பெண்ணுக்கு மீசை முளைக்கும், குரல் தடிக்கும் என்று கூட்டுறவுச் சங்கக்கடையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதெல்லாம் வீண்கதை என்று ஊருக்கு விளக்கம் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு மேலுதட்டைத் தடவிப் பார்த்தேன்.

இவர், என் புருசன், கணக்கு வாத்தியார். ஒரு கிழமையாக இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. விருப்பமில்லை போலிருக்கிறது என்று எனக்குள் புகைந்துகொண்டிருந்தது. காலையில் அவர் சவரம் செய்துகொண்டிருந்தபோது, எடுக்கவா விடவா என்று நேரே கேட்டேன். கண்ணாடியில் பார்த்தால் மனுசனுக்குக் கண் கலங்கியிருந்தது. அக்காவுக்கு நடந்ததையெல்லாம் அவரும் பக்கத்தில் இருந்து பார்த்தவர். திரும்பாமலே சொன்னார்: "நீர் இருந்தால் எனக்குக் காணும். மீசை முளைச்சால் சொல்லும், என்ரை பிளேட்டிலை பாதி தாறன்."

பத்தரின் கேள்வி

கண்ணில் வருத்தமென்றால் வெள்ளியில் கண், காலில் என்றால் வெள்ளியில் கால் செய்து அம்மனுக்கு நேர்த்திக்கடனாகக் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். இவரின் தங்கை, என் மச்சாள், நீங்களும் கொடுக்கத்தான் வேண்டும், விடமாட்டேன் என்றாள். ஊர்காவற்றுறையில் நகை செய்யும் பத்தரிடம் போனேன். கண்ணுக்கும் காலுக்கும் அவரிடம் அச்சு இருந்தது, சூலகத்துக்கு இல்லை. கடுதாசியில் கீறிக் காட்டி, வாதாம்பருப்பு மாதிரி இருக்கும் கொட்டாங்காய்ப் பருப்பைவிடக் கொஞ்சம் பெரிது என்று விளங்கப்படுத்தினேன். அவர் கடுதாசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தங்கச்சி, எனக்கு ஒண்டு விளங்கேல்லை. இது இருக்கவேணும் எண்டு நேர்த்தியோ, போகவேணும் எண்டு நேர்த்தியோ?"

நல்லது

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்தக் கேள்விதான். அக்காவின் வயிறு கடைசியில் எட்டு மாதக்காரியின் வயிறு மாதிரி ஊதியிருந்தது. தினமும் வயிறு தடவிப் பார்க்கிற என் கை, அவளைத் தொடக் கூசியது. ஒப்பரேசனுக்கு எனக்குப் பயம்தான். அந்த வயிற்றுக்கு அதைவிடப் பயம். வள்ளம் ஏறும் குறிகட்டுவானில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது முடிவெடுத்துவிட்டேன். வெள்ளி உருவம் வேண்டாம், இந்தச் சண்டைக்காலத்தில் நேவிக்காரர் கடலில் மறிக்காமல் போய்வந்தால் ஒரு பொங்கல் என்று நேர்த்தியையும் மாற்றிக்கொண்டேன்.

போனேன், எடுத்தேன், வந்தேன். மார்கழிப் பனியில் ஊரே போர்த்திக்கொண்டிருக்க நான் மட்டும் ஓலை விசிறியோடு வியர்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, எடுத்த சூலகங்களைச் சோதித்த முடிவு வந்தது. இரண்டிலும் ஒரு வருத்தமும் இல்லை. சந்தோசம் தாங்காமல் வள்ளத்துறையில் கண்டவர்களுக்கெல்லாம் சொன்னேன். பூரணத்தின் முகம் மட்டும் வாடிவிட்டது. "அப்ப நல்லதையே வெட்டி எறிஞ்சுபோட்டு வந்திருக்கிறியள், மிஸ்ஸி?"

வராத வருத்தத்துக்கு வைத்தியம் செய்துகொண்டவளைக் கெட்டிக்காரி என்று ஊர் ஒருநாளும் சொல்லாது. ஆனால் ஊர் சொல்வதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்க நான் இருக்கிறேன், அக்கா இல்லை.